ஒரே ஒருத்திக்குப் பொருந்திய சைக்கிள்

போன மாதம் அலோர் ஸ்டாரில், என் மகள் வீட்டுக்கு எதிரே உள்ள மாமாக் டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கினான். இறங்கினான் என்று சொல்வதுகூடச் சரியில்லை, படுக்கையிலிருந்து எழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் வந்த சைக்கிள் அப்படி. தரையோடு தரையாக நீண்டு கிடக்கிறது. மல்லாக்கச் சாய்ந்துகொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்கிறான். பின்னால் ஒரு கம்பில் சிவப்புக் கொடி. கடையில் இருந்தவர்கள் தே தாரேக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். என் மகளும் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள். "அம்மா, இந்த மாதிரி எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

எனக்கு வியப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இந்தக் கெடா மாநிலத்துச் செம்மண் சாலையில் நான் அந்த மாதிரி ஒன்றை ஓட்டியிருக்கிறேன் என்று சொன்னால், கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதோடு, சொன்னால் அதைச் செய்த மனிதனையும் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி என் மகளிடம் நான் இதுவரை நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அவனைத் தெரியாது, என்னையும் அவ்வளவாகத் தெரியாது. அது ஒரு வசதி.

அப்போது நான் சுங்கை லாலாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர்த் தோட்டத்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ்; மிஸ்ஸி என்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, எந்நேரமும் டெட்டால் வாடை. ஜப்பான்காரன் வந்து சுங்கை பட்டாணியில் குண்டு போட்ட நாளில், மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்த நான் ஓடிப்போய் ஒரு கால்வாயில் விழுந்தேன். குண்டு என் மேல் விழவில்லை. நான்தான் கால்வாயில் விழுந்தேன். இடது இடுப்பு உடைந்தது. ஆஸ்பத்திரியைக் கவனித்த எங்கள் டிரெசர் மணல் மூட்டையை இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்து ஆறு வாரம் படுக்கப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கால் இரண்டு விரற்கடை குட்டையானது. இடுப்பைப் பாதிக்கு மேல் மடக்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் முதுகுத் தண்டில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளில் டிரெசரை ஜப்பான்காரர்கள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் தோட்டம், பக்கத்துத் தோட்டம், சிடாம் கிரிப் பக்கத்துச் சின்னத் தோட்டம் ஆக மூன்றுக்கும் பிரசவம், காய்ச்சல், புரைப்புண் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். நொண்டி நொண்டி நடந்தே போவேன்.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெயர் கோவிந்தன். பாலை ஷீட்டாக்குகிற தோட்டத்து ஸ்டோரில் கித்தா ஷீட்டை நிறுத்துக் கட்டுகிற வேலை. சத்தமாகப் பேசமாட்டார். சாப்பிடும்போது மட்டும் ஏதாவது பாட்டை முனகுவார், எந்தப் பாட்டென்று கடைசிவரை எனக்குப் புரிந்ததில்லை. ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடுகிற வேலைக்கு, ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். லோரி வந்தது. அவர் ஒரு போர்வையையும் ஒரு தகரக் குவளையையும் எடுத்துக்கொண்டு ஏறினார். மகளுக்கு நாலு வயது. லோரி திரும்பும்போது அவர் கையைத் தூக்கினார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அவ்வளவுதான் அவரை நான் பார்த்தது.

ஒரு வாரம் கழித்துத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி என்னிடம் வந்து, வருத்தப்படுகிற முகத்தோடு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். "ஒம் புருசன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா. ஃபிட்டர் பேருதான் இருந்துச்சு. அவன்தான் வந்து, நான் போனா இன்ஜின் நின்னுரும், நிறுவைக்கு நிக்கிற கோவிந்தன் இல்லாட்டி ஒண்ணும் கொறஞ்சிறாதுன்னு சொன்னான். நா என்ன பண்ணட்டும்?"

ஃபிட்டர் என்றால் அந்தோணிமுத்து. ஸ்டோர் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஒட்டிய கன்னம், கறுத்த நகம், வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு குத்தல். அதற்கு முந்தி நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்றோடு அதை நிறுத்தினேன். வழியில் எதிரே வந்தால் காறித் துப்புவேன். சின்னத்தனம்தான். ஆனால் அந்தத் துப்பல்தான் அந்த வருடம் எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது, மரவள்ளிக்கிழங்கு வயிற்றை அடைப்பதற்கு மட்டும்தான்.

பிறகு சிடாம் கிரிப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது என்று காலையில் ஆள் வந்தது. ஆறு மைல். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துக் கிடந்தது. கொதிக்கக் கொதிக்க வைத்திருந்த வெந்நீரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தாய் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் ஸ்டோருக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் இரும்பு வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வேறு ஒருவன் இருந்திருந்தால் அவனிடம் போயிருப்பேன்.

"ஒரு சைக்கிள் வேணும்" என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "சைக்கிள்ல ஒன்னால ஒக்கார முடியாது மிஸ்ஸி."

"அதனாலதான் இங்க வந்தேன். இல்லாட்டி ஒம் மூஞ்சியில முழிக்க எனக்கென்ன?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். என் முகத்தை அல்ல. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும், உடைந்த மெஷினைப் பார்க்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் ஒரு பழைய சைக்கிளின் சீட்டை ஏற்றினான், இறக்கினான், பின்னால் தள்ளினான், ஹேண்டலைத் தூக்கினான். ஒவ்வொரு தடவையும் அரை மைல் ஓட்டுவேன், வலி தாங்காமல் கீழே போட்டுவிட்டு வருவேன். நான்காவது தடவை கேட்டான்: "எங்க வலிக்குது? இடுப்பா, முதுகா?"

"ஒன்னப் பாத்தாலே வலிக்குது."

"அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல. இடுப்பச் சொல்லு."

சொன்னேன். வேறு வழி? முன்னால் குனிந்தால் முதுகு, நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு, காலைத் தூக்கினால் இரண்டும். அவன் பழைய ஷீட் மூட்டைகளை அடுக்கி, மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். "ஒக்காரு. நா பலகயச் சாச்சுக்கிட்டே வர்றேன். வலி நிக்கிற எடத்துல நிறுத்தச் சொல்லு."

நான் உட்கார்ந்தேன். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்தான். காலடியில் ஒரு கட்டையை வைத்து அதையும் நகர்த்திக்கொண்டே வந்தான். என்னைத் தொடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் வலி நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது. ஒன்றரை வருடமாக என்னோடு தூங்கி என்னோடு எழுந்த வலி, அடுப்பை அணைத்த மாதிரி அடங்கிப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சுகத்தைக் கண்டுபிடித்தவன் இந்த நாய்தானா என்று இன்னும் அழுகை வந்தது. நான் வாயைத் திறக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கரித்துண்டை எடுத்துச் சுவரில் பலகையின் சாய்வை ஒரு கோடாக இழுத்தான்.

"இப்பிடித்தான் ஒக்காந்து போகப்போற" என்றான். "ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்லா. ஊரா வந்து பிரசவம் பாக்குது?"

இரண்டு உடைந்த சைக்கிள்களை அறுத்தான். ஒன்றின் பின்பாதி, இன்னொன்றின் முன்கழுத்து. இரண்டுக்கும் நடுவில் ஸ்டோரிலிருந்து ஒரு நீளத் தண்ணீர்க் குழாய். முன்சக்கரம், ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பிள்ளை ஓட்டிய குட்டிச் சைக்கிளுடையது. அது சின்னதாக இருந்தால்தான் அதற்கு மேலே பெடல் வைத்துக் காலை நீட்ட முடியுமாம். சீட்டுக்குத் துரை பங்களாவில் கிடந்த பிரம்புச் சாய்வு நாற்காலியை உடைத்தான். இரண்டு சங்கிலியை ஒன்றாகச் சேர்த்தான். ஹேண்டலை மாட்டுக் கொம்பு மாதிரிப் பின்னால் வளைத்து என் மடிவரை கொண்டுவந்தான். குழாயில் ஆறு துளை போட்டு, ஓர் ஊசியைச் செருகிச் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி வைத்தான். "மழ நாள்ல இடுப்பு இறுகும். அன்னிக்கி ஒரு தொள பின்னால தள்ளிக்க." மழை நாளில் என் இடுப்பு இறுகும் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. நடையைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறான். இடது பெடல் தண்டைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்தான். மூன்று விரற்கடை குட்டையாக வெட்டிப் புதுத் துளை போட்டான். அந்தக் கால் சின்ன வட்டம் போட்டால் போதும், இடுப்பு மடங்க வேண்டாம்.

பற்றவைக்கப் பித்தளை இல்லை. துரை குளியலறைக் குழாயின் பித்தளைத் தலையை நான்தான் திருகிக் கொண்டுவந்தேன். உலைக்குத் துருத்தி ஊதியதும் நான்தான். வெங்காரத்தைத் தூவினால் அது பொங்கி, கண்ணாடி மாதிரி உருகி, பித்தளை மூட்டுக்குள் ஓடும். அந்த வாடை நாக்கில் ஒட்டும். மூன்று நாள் இருவரும் ஒரே புகையைக் குடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை நல்லதாகப் பேசாமல் வேலை செய்தோம். "வேகமா ஊது", "கண்ணு தெரியலயா", "ஒழுங்காப் புடி", "ஒங் கையி வெளங்காது". இப்படியேதான்.

டயருக்கு மட்டும் பஞ்சமில்லை. காற்று அடிக்கிற டயர் எங்கும் கிடையாது. கித்தா ஷீட்டைக் கீறி முறுக்கிக் கெட்டியாகச் சுற்றிவிட்டான். உள்ளே காற்று இல்லாத டயர் எலும்பை உலுக்கும். ஆனால் பிரம்பு நாற்காலி அதைப் பாதி வாங்கிக்கொண்டது.

முதல் நாள் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை ஸ்டோர்க் கழிவு ஓடுகிற வடிகாலில். அவன் சிரித்தான். கையில் கிடைத்த, கித்தாப் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை எடுத்து அடித்தேன், காதோரம் உரசிக்கொண்டு போனது. அவன் அதற்கும் சிரித்தான். நாலாம் நாள் சுங்கை லாலாங் வரைக்கும் போய்த் திரும்பினேன். மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அது எருமை கனம். சமதரையில் ஓடும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், கட்டிலில் படுத்தபடி மரங்களைப் பார்த்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

சைக்கிளை எடுத்துப் போகும்போது அவன் ஒன்று சொன்னான். குழாய் ஸ்டோருடையது, ஸ்டோர் இப்போது ஜப்பான்காரனுடையது. "யாராச்சும் கேட்டா, முன்ன இருந்த வெள்ளக்கார டாக்டரு செஞ்சு வச்சுட்டுப் போனதுன்னு சொல்லு. எம் பேர எடுக்காத."

"சரி" என்றேன்.

ஏழெட்டு மாதம் ஓட்டினேன். அந்த மாதங்களில் என் கையில் பிறந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். எத்தனையோ பேருடைய சைக்கிளை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான், என்னுடையதை யாரும் தொடவில்லை. பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பீடோங் போகிற சாலையில் பாலத்து முனையில் காவலுக்கு ஒரு ஜப்பான் சென்ட்ரி நிற்பான். யாராக இருந்தாலும் இறங்கிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் ஒரு காலை ஊன்றி இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்தச் சாய்விலிருந்து எழுந்திருக்கவே அரை நிமிடம் வேண்டும். ஒருநாள் புதிதாக வந்த ஒரு சிப்பாய், நான் வேண்டுமென்றே படுத்துக் கிடப்பதாக நினைத்து, எழுந்ததும் கன்னத்தில் அறைந்தான். பிறகு அவனே அதில் ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். இடது பெடல் ஒரு வட்டமும் வலது பெடல் ஒரு வட்டமும் போட, அவன் நேராகப் போய்ப் பாலத்துக் கல்லில் மோதி விழுந்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் எழுந்துவந்து மறுபடி என்னை அடித்தான். அப்போதுதான் காவல் கொட்டகையிலிருந்து ஓர் ஆபிசர் வெளியே வந்தான்.

அவன் சைக்கிளைச் சுற்றி வந்தான். பற்றவைத்த மூட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். துளைகளில் ஊசியை எடுத்து, மாற்றிச் செருகிப் பார்த்தான். வேலை தெரிந்த ஆள் என்று எனக்குப் புரிந்தது. மலாயில் கேட்டான்: "சியாப்பா பிக்கின்?" யார் செய்தது?

வெள்ளைக்கார டாக்டர் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும். காது அடைத்திருந்தது, வாயில் ரத்தம் உப்புக்கரித்தது, பயமாகவும் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் லோரியும் தகரக் குவளையும் என் கண்முன் வந்ததும் உண்மை.

"ஃபிட்டர்" என்றேன். "ஃபிட்டர் அந்தோணி." தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அதை அவன் கேட்கவே இல்லை.

சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டான். இரண்டாம் நாள் லோரி வந்தது. கித்தா வாங்க ஆளில்லாமல் ஸ்டோர் இன்ஜினை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள், அதனால் இன்ஜினைச் சொல்லித் தப்ப வழியில்லை. சயாமில் ஃபிட்டர் வேலைக்கு ஆள் வேண்டுமாம். அந்தோணிமுத்து ஏறும்போது என் பக்கம் பார்த்தான். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். துப்பவில்லை. வாய் காய்ந்திருந்தது.

அவன் பெண்சாதி மரியம்மா மறுநாள் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "ஏன் மிஸ்ஸி திடீர்னு அவரக் கொண்டு போனாங்க? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"தெரியலயே அக்கா" என்றேன். அவள் நம்பினாள். நம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜப்பான்காரன் சரணடைந்து நாலைந்து மாதம் கழித்துச் சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். போனவர்களில் பாதிகூட வரவில்லை. கோவிந்தன் வரவில்லை. அந்தோணிமுத்து வந்தான். எலும்பின் மேல் தோலைப் போர்த்திய மாதிரி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற புண்ணோடு. மரியம்மா அவனைத் தாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்?

மூன்று மாதம் தினமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டினேன். அழுகிய சதையைச் சுரண்டும்போது அவன் பல்லைக் கடிப்பான், கத்தமாட்டான். நானும் மெதுவாகச் செய்யவில்லை, கடுமையாகவும் செய்யவில்லை. எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்தேன். பேச்சே கிடையாது. ஒருநாள் கட்டுப் போட்டு முடித்த பிறகு கேட்டான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமா."

"நானும் சொன்னேன்" என்றான். "எம் பேருக்குப் பதிலா அவன் பேர. கிராணி சொல்லியிருப்பான்."

"சொன்னாரு."

"அங்க போயி தேடுனேன். எங்க எங்க கேம்ப் மாத்துனானுங்களோ, அங்கல்லாம் கேட்டேன். கோவிந்தன்னு நெறயப் பேரு இருந்தானுங்க. நம்ம கோவிந்தன் கெடைக்கல."

நான் பஞ்சையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நிஜமாகவே தேடினானா, என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொன்னானா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மறுநாள் வழக்கம்போல வந்து காலை நீட்டினான். வழக்கம்போலக் கட்டினேன்.

வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் சைக்கிளைப் பார்த்துத் தன் நாற்காலியை அடையாளம் கண்டுகொண்டார். குளியலறைப் பித்தளை எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சிரிப்பாரோ என்று பார்த்தேன். ஸ்டோர்ச் சாமானை ஸ்டோரில் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. அறுக்கிற வேலை ஃபிட்டருடையது. அந்தோணிமுத்து நொண்டிக்கொண்டே வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனான். "என்ன மிஸ்ஸி, அறுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊசி போடுகிற நேரம் முழுவதும் ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தோட்டத்து லோரியில்தான் போய்வந்தேன், முதுகில் தலையணை வைத்துக்கொண்டு.

அவன் இன்னும் இருபது வருடம் இருந்தான். அந்த இருபது வருடமும் ஒரே தோட்டத்தில் இருந்தோம். அவன் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியிருக்கிறேன். என் மகள் கல்யாணத்துக்கு மரியம்மா வந்தாள், அவன் வரவில்லை. நான் அழைக்கவும் இல்லை. அவன் செத்தபோது போனேன். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். மரியம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கித்தாவை வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். பிறகு அதையும் வெட்டித் துண்டு போட்டு விற்று, வரிசை வீடுகள் கட்டி ஏதோ தாமான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகள் காரில் கூட்டிப்போய், "அம்மா, ஆஸ்பத்திரி இங்கதான இருந்திச்சு?" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. லயம், ஸ்டோர், கோயில், அதன் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டம், ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. கிராணி போனார், மரியம்மா போனாள். என் மகளுக்குத் தகப்பன் முகம் நினைவில்லை, ஒரு படமும் கிடையாது. கோவிந்தன் எப்படி இருப்பார், எப்படி நடப்பார், சாப்பிடும்போது எப்படி முனகுவார் என்று என்னைத் தவிர தெரிந்து வைத்திருந்த ஆள், அவரோடு ஒரே ஸ்டோரில் வேலை செய்த அந்தோணிமுத்துதான். இருபது வருடம் பக்கத்திலேயே இருந்தான். ஒருநாளாவது அவனிடம் போய், அவர் முனகியது என்ன பாட்டென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.